பெடல் எங்கே போச்சு? தேவாலய ஆர்கன் பதிவில் வரும் கோளாறுகள்

"பதிவில் ஏதோ சரியில்லை, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால், எந்த மைக், எந்த ரெக்கார்டர் என்று நான் முதலில் கேட்பதில்லை. "இசைத்தாளில் அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கு, பார்த்தீர்களா?" என்றுதான் கேட்பேன்.

காரணம் என் சொந்த அசட்டுத்தனம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் இருபது வயதுகூட ஆகாத காலத்தில், 1928ல், 'லெ பான்கே செலெஸ்த்' என்று ஒன்று எழுதினார். விண்ணக விருந்து, அதாவது நற்கருணையைப் பற்றிய தியானம். மொத்தமே 25 பார்தான், அதாவது 25 தாளக் கட்டங்கள். ஆனால் ஆமை நகர்வதுபோல் நகரும். நண்பர் ஒருவர் அதை வாசிக்க, நான் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், காலால் மிதித்து வாசிக்கும் பெடலில் அடித்தளமே இல்லை. உச்சியில் எங்கேயோ 'டிக், டிக்' என்று சொட்டுகிறது. மைக் வைத்த இடம் தப்பு என்று முடிவுகட்டி, பாதி ராத்திரி வரை ஈக்வலைசரில் பாஸை ஏற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் நண்பர் இசைத்தாளைக் காட்டினார். பெடலுக்கு 4 அடிக்கும் அதற்கு மேற்பட்ட சுருதிக்கும் உரிய குழல்களை (அடி என்பது குழலின் நீளம்; நீளம் குறைந்தால் சுருதி ஏறும்) மட்டும் திறக்கச் சொல்லி, தண்ணீர்ச் சொட்டுப் போல விட்டுவிட்டு வாசிக்கும்படி மெசியானே எழுதி வைத்திருக்கிறார். இல்லாத பாஸைத்தான் ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

பழைய காலத்து இசைமேதை பாக்கின் இசையைப் பதிவு செய்கிறவருக்கு இந்த ஆபத்து குறைவு. மெசியான், லாங்லே, அலேன், ஆர்வோ பார்ட் என்ற இசையமைப்பாளர்களோடு இருபதாம் நூற்றாண்டுக்குள் வந்துவிட்டால், கோளாறு மாதிரிக் கேட்பதில் பாதி, வேண்டுமென்றே எழுதப்பட்டது. அதனால் நான் தேடும் வரிசை இதுதான்: முதலில் இசைத்தாள், அப்புறம் ஆர்கன், அப்புறம் கட்டடம், கடைசியில்தான் நம் கருவிகள். கீழே உள்ளவற்றை உங்கள் காதில் விழும் குறையை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

பெடல் கேட்கவே இல்லை

இசைத்தாளில் 16 அடி, 32 அடி என்று இருக்கிறது. ஆலயத்தில் நின்றபோது பெஞ்சு அதிர்ந்ததும் நினைவிருக்கிறது. பதிவில் மட்டும் காணோம். அப்படியானால் முதலில் எதில் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டாப் என்பது ஒரு வகைக் குழல்வரிசையைத் திறக்கும் குமிழ். 16 அடி ஸ்டாப்பின் அடிமட்ட சி ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ். 32 அடியில் அது 16 ஹெர்ட்ஸ். போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் பொடி ஸ்பீக்கர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

ஹெட்போனிலும் இல்லையா? ரெக்கார்டரிலோ மைக்கிலோ 'லோ கட்' இயங்குகிறதா என்று பாருங்கள். பேச்சுக்கும் காற்றிரைச்சலுக்கும் வேண்டி வைத்த வடிகட்டி அது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் சீவித் தள்ளிவிடும். கல்யாண வீடியோவுக்கு அது வரம். ஆர்கனுக்கு அது காலை வெட்டுவது போல. எனக்கு வந்த 'பெடல் காணவில்லை' புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சுவிட்சோடு முடிந்துபோயின.

அதுவும் இல்லையென்றால் மைக்கின் வகை. ஒரு திசையை நோக்கிக் கேட்கும் கார்டியாய்டு மைக்குகள், ஒலி தூரத்திலிருந்து வரும்போது அடிமட்டத்தை இழந்துவிடும். கிட்டே வைத்துப் பேசினால் குரல் கனமாகக் கேட்கும் அல்லவா, அதே குணத்தின் மறுபக்கம் இது. எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக்குக்கு இந்தக் குறை கிடையாது. ஆர்கனுக்கு ஒரு ஜோடி சிறிய ஆம்னி மைக் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. என் அனுபவத்தில், ரெக்கார்டரில் பணத்தைக் கொட்டுவதைவிட மைக்கில் கொட்டுவது மேல்.

இன்னொரு விஷயமும் உண்டு. நிறைய ஆர்கன்களில் '32 அடி' என்று எழுதிய ஸ்டாப்புக்குப் பின்னால் 32 அடிக் குழலே இருக்காது. 16 அடிக் குழலையும் அதற்குப் பஞ்சமமாக 10⅔ அடிக் குழலையும் சேர்த்து ஊதுவார்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் சேரும்போது கீழ் ஸ்தாயி ஒன்று இருப்பதுபோல் நம் காது கற்பித்துக்கொள்கிறது. நீளமான குழலுக்கு இடமும் காசும் இல்லாத ஆலயங்களின் சாமர்த்தியம். அப்படிப்பட்ட ஆர்கனைப் பதிவு செய்துவிட்டு, அலைவரிசைப் படத்தில் 16 ஹெர்ட்ஸில் ஒன்றுமில்லையே என்று பதறாதீர்கள். அங்கே ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு பெடல் ஸ்வரம் முழங்குகிறது, அடுத்தது செத்துக் கிடக்கிறது

இது கட்டடத்தின் வேலை. 33 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பத்து மீட்டருக்கு மேல். சுவர்களுக்கு நடுவே அது முட்டி மோதி, சில இடங்களில் குவிகிறது, சில இடங்களில் தன்னையே அழித்துக்கொள்கிறது. மைக் அழியும் இடத்தில் மாட்டிக்கொண்டால் அந்த ஸ்வரம் போயிற்று.

இதற்கு என்னிடம் உள்ள ஒரே மருந்து நடைதான். ஆர்கனிஸ்டிடம் 16 அடி ஸ்டாப் ஒன்றை மட்டும் திறந்து, அடிமட்ட சியிலிருந்து ஜி வரை, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாலைந்து விநாடி பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆலயத்தின் நடுப்பாதையில் மெதுவாக நடங்கள். மூன்றாவது வரிசை பெஞ்சில் டி தொண்டைக்குள் அதிரும். சில எட்டு தள்ளினால் ஆவியாகிவிடும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஓரளவு சமமாக வருகிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. நடுப்பாதையின் சரிபாதியில் மட்டும் வைக்காதீர்கள். அறை சமச்சீராக இருந்தால் குழப்பம் அதிகமாக வரும் இடம் அதுதான். ஒரு மீட்டர் நகர்த்துவது, ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடப் பலன் தரும்.

எல்லாம் ஒரே குழைசாதமாக இருக்கிறது

மைக் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்று சொல்வது எளிது. பெரிய கல் ஆலயங்களில் ஒரு ஸ்வரம் அடங்க ஐந்தாறு விநாடி ஆகும். நேரில் உட்கார்ந்து கேட்கும்போது நம் மூளை அந்தக் கார்வையையும் நேரடி ஒலியையும் பிரித்து வைத்துக்கொள்கிறது. கண் வேறு குழல்களைப் பார்த்து உதவி செய்கிறது. இரண்டு மைக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. அதனால் காதுக்கு நன்றாக இருக்கும் இடத்தைவிட மைக் எப்போதும் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும்.

நான் செய்வது இப்படி: ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு கேட்பது. ஒற்றைக் காதில் கேட்கும்போது இடம் பிரித்தறியும் திறமை பாதி போய்விடும். மைக் கேட்கும் குழப்பம் நமக்கும் தெரிய ஆரம்பிக்கும். அப்படிக் கேட்டும் வேகமான பகுதி புரிகிற இடம்தான் மைக்கின் இடம். சோதனைக்கு மெசியானின் 1935ஆம் வருட 'லா நாத்திவித்தே', அதாவது ஆண்டவரின் பிறப்பு என்ற ஒன்பது தியானங்களில் கடைசியான 'தியே பார்மி நூ'வை எடுத்துக்கொள்வேன். கடவுள் நம்மோடு என்று பொருள். அதன் இறுதியில் வரும் டொக்காட்டா என்ற வேகப் பகுதியில் விரல்கள் ஓட, அடியில் பெடல் இறங்குவது தெளிவாக வந்தால் மற்ற எட்டுக்கும் கவலையில்லை.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஆர்கன் பெரும்பாலும் வாசலுக்கு மேலே மாடத்தில் இருக்கும். மைக்கைத் தரையில் ஒன்றரை மீட்டரில் வைத்தால், குழலிலிருந்து நேராக வரும் ஒலியை மாடத்தின் கைப்பிடிச் சுவரே மறைத்துவிடும். நான்கைந்து மீட்டர் ஏறும் ஸ்டாண்ட் தேவை. அதன் காலில் மணல்மூட்டையும் தேவை. யார் தலையிலும் விழக்கூடாது.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: "ரொம்ப வறட்டுத்தனமாக இருக்கு." மாடத்திலேயே, குழலுக்கு இரண்டு மீட்டரில் வைத்திருப்பீர்கள். மெசியான் 1931லிருந்து 1992ல் சாகும்வரை பாரிஸின் திரினிதே ஆலயத்து ஆர்கனிஸ்ட். அந்தக் கட்டடத்தின் கார்வையைக் காதில் வைத்துக்கொண்டுதான் அந்த நீண்ட மௌனங்களை எழுதினார். கார்வையை எடுத்துவிட்டால் மௌனம் வெறும் இடைவெளியாகிவிடும்.

ஸ்வரங்கள் இடமும் வலமுமாகத் தாவுகின்றன

கோளாறு இல்லை. ஆனால் சரி செய்யலாம்.

பியானோவில் ஸ்வரங்கள் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும். ஆர்கனில் பெரும்பாலும் அப்படி இல்லை. பெரிய குழல்களின் எடையையும் அழகையும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்குபோட, ஒன்றுவிட்டு ஒன்றாக வைப்பார்கள்: சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் ஒரு பக்கம், சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், ஜி, ஏ, பி மறுபக்கம். சாதாரண ஸ்கேல் வாசித்தாலே ஒலி பக்கம் மாறிக்கொண்டிருக்கும்.

மெசியானின் இசையில் இது வேடிக்கையாக இருக்கும். அவர் மிகவும் நேசித்த 'இரண்டாம் முறை' என்ற ஸ்வர வரிசை, அரைச் சுரம், முழுச் சுரம், அரை, முழு என்று மாறி மாறி ஏறுவது. மேலே உள்ள பங்கீட்டில் அதை வைத்துப் பாருங்கள்: சி இடது, சி ஷார்ப் வலது, டி ஷார்ப் வலது, இ இடது, எஃப் ஷார்ப் இடது, ஜி வலது, ஏ வலது, ஏ ஷார்ப் இடது. முதல் ஸ்வரத்துக்குப் பிறகு இரண்டிரண்டாக ஊஞ்சலாடுகிறது. வெறும் முழுச் சுரங்களாலான பகுதி வந்தாலோ எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒரு முறை இடது சேனல் செத்துவிட்டது என்று நினைத்துக் கேபிளை மாற்றினேன். கேபிள் பாவம்.

சரி, என்ன செய்வது? இரண்டு ஆம்னி மைக்குகளையும் ஒன்றிலிருந்து ஒன்று 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொண்டு, ஜோடியாகவே கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். இரண்டு மூன்று மீட்டர் அகட்டி வைத்தால் தாவல் பெரிதாகும், நடுவில் ஓட்டையும் விழும். தாவலை அறவே போக்கிவிட வேண்டாம். அந்த ஆர்கனின் முகம் அது.

உச்சத்தில் ஒலி கிழிகிறது

நாலு காரணம் இருக்கலாம். நாலுக்கும் மருந்து வேறு.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலை தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் லெவல் தாண்டிவிட்டது. அந்த டேக், அதாவது அந்தத் தடவைப் பதிவு, போயிற்று, மறுபடி வாசிக்க வேண்டும். இனி வராமலிருக்க, தொடங்கும் முன் ஆர்கனிஸ்டிடம் அந்தப் பாடலின் கடைசி ஸ்வரக் கூட்டை முழு ஆர்கனில் பிடிக்கச் சொல்லி, மிக உயர்ந்த முள் மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபலில் நிற்கும்படி லெவலை வைத்துவிட்டு, குமிழில் கை வைக்காமல் இருங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் மெல்லிய பகுதி கீழே கிடப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது. மெசியானின் 1932ஆம் வருட 'அப்பாரிசியோன்', நித்தியத் திருச்சபையின் தோற்றம், இருளிலிருந்து மெல்ல எழுந்து பேரொலியாகி மறுபடி இருளில் அமிழும் ஒரே வளைவு. நடுவில் குமிழைத் திருகினால் வளைவே இல்லை. போனும் கேமராவும் இதைத் தாமாகவே செய்துவிடும். தானியங்கி லெவல் கட்டுப்பாட்டை அணைக்க வழியில்லாத கருவியை ஆர்கனுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஆர்வோ பார்ட்டின் 1990ஆம் வருட 'தி பியாட்டிட்யூட்ஸ்' இதில் பெரிய பொறி. மலைப்பொழிவின் பேறுகளைப் பாடகர் குழு அடக்கமாகப் பாடிக்கொண்டே ஏறும். ஆர்கன் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். பாடலைக் கேட்டு லெவலை ஏற்றி வைத்திருப்பீர்கள். 'ஆமென்' வந்ததும் ஆர்கன் பொங்கி எழும். அத்தோடு டேக் காலி.

இரண்டாவது காரணம்: அலை தட்டையாக இல்லை, ஆனாலும் கரகரக்கிறது. மைக்கோ முன் ஆம்ப்ளிஃபயரோ தாங்கவில்லை. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறது, கிழியவே கிழியாது என்பார்கள். மைக்கின் தலை திணறினால் அந்த எண்கள் காப்பாற்றாது. மூன்றாவது: கரகரப்பு, பித்தளை நாக்கு உள்ள ரீட் குழல்களின் இயல்பே. பிரெஞ்சு ஆர்கன்களின் பொம்பார்து, டிரம்பெட் எல்லாம் கொதிக்கத்தான் செய்யும். ஆலயத்தில் நின்றபோதும் அப்படித்தான் கேட்டதா? அப்போ விட்டுவிடுங்கள்.

நாலாவதுதான் ஆளைக் கொல்லும். ஏதோ ஒரு பொருள் அதிர்கிறது. எங்கள் ஒரு பதிவில் பெடல் எஃப் வந்தபோதெல்லாம் 'ட்ர்ர்ர்' என்று ஒரு ஓசை. ஆர்கனுக்குள் குழல் தளர்ந்திருக்கிறது என்று நண்பர் சொன்னார். மைக் கிளிப் என்று நான் சொன்னேன். அவரை எஃபை மட்டும் காலால் மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நான் டார்ச்சோடு சுற்றினேன். ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மெழுகுவர்த்தித் தண்டு, காணிக்கைப் பெட்டி, விளக்கின் சங்கிலி, எல்லாம் சாது. கடைசியில் தூண் ஓரத்தில், பாட்டெண் மாட்டும் பலகை. அதில் '2' என்ற தகர எண் மட்டும் ஆணியில் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்ததும் ஓசை நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண்களை எல்லாம் கழற்றி பெஞ்சில் வைத்தோம். நினைவாகத் திரும்ப மாட்டினோம்.

மெல்லிய பகுதியில் ஒரே 'உஸ்ஸ்'

ஆர்கன் மூச்சுவிடும் கருவி. காற்றூதும் ப்ளோவர் மோட்டார், காற்றுக் குழாய், தோல் பழசான துருத்தியின் கசிவு, எல்லாம் சேர்ந்ததுதான் அது. மோட்டார் அறையின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே நிறையக் குறையும். மிச்சத்தோடு வாழப் பழகுங்கள். சத்தம் நீக்கும் மென்பொருளை அழுத்திப் போட்டால், குழல் பேச ஆரம்பிக்கும்போது வரும் அந்தச் சின்ன 'ச்ப்' என்ற காற்றொலியும், கார்வையின் வாலும் சேர்ந்து போய்விடும். வால் போன ஆர்கன் எலெக்ட்ரானிக் கீபோர்டு மாதிரிக் கேட்கும்.

முக்கியமானது ஒன்று. பதிவு முடிந்ததும் ப்ளோவர் ஓடிக்கொண்டிருக்க, யாரும் அசையாமல், ஒரு முழு நிமிடம் வெறும் ஆலயத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் இடைவெளி நிரப்ப அதுதான் பஞ்சு. டிஜிட்டல் மௌனத்தைச் செருகினால் சட்டென்று காது அடைத்ததுபோல் இருக்கும்.

வெளிச்சத்தம்: ஆலயப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை இரண்டு. கால் மணிக்கொரு முறை அடிக்கும் கோபுர மணியை நிறுத்த முடியுமா, ஹீட்டர் எப்போது தானாக ஓடும். பறவைக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. மெசியானின் 'பெந்தெகொஸ்தே திருப்பலி'யில் நற்கருணைப் பகுதிக்குப் பெயரே 'பறவைகளும் ஊற்றுகளும்'. அதைப் பதிவு செய்தபோது வெளியே ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த டேக்கைத்தான் வைத்துக்கொண்டோம். அந்தப் பகுதியின் முடிவு நல்ல சோதனையும்கூட: அடியில் 32 அடி பூர்டோன், உச்சியில் 1 அடி பிக்கோலோ, நடுவில் வெறும் காற்று. இரண்டு முனையும் உங்கள் பதிவில் கேட்டால் கருவிகள் சரி.

சென்னையில் கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்திலும் எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்திலும் குழல் ஆர்கன்கள் உண்டு. நம் ஊர் ஆலயங்களில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரே ஒரு கூடுதல் எச்சரிக்கை: மின்விசிறி. ஓடும் விசிறியின் அருகே மைக் இருந்தால், நீட்டிப் பிடித்த ஸ்வரம் இறகு ஒவ்வொன்றுக்கும் நடுங்கும். வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை, அணைத்துவிடுங்கள்.

காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒட்டவில்லை

சுருதி ஓடியிருக்கிறது. காற்று சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் கூடுகிறது. குழலின் நீளமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் சுருதி ஏறும். 100 சென்ட் ஓர் அரைச் சுரம். குளிர்காலத்தில் 10 டிகிரியில் தொடங்கி, ஹீட்டர் போட்டு 16ல் முடித்தால் 18 சென்ட். காது இருக்கிறவருக்கு வெட்டு விழுந்த இடம் பளிச்சென்று தெரியும்.

முழு டேக்கையும் மென்பொருளில் ஐந்தாறு சென்ட் இறக்கி ஒட்டவைக்கலாம்தான். ஆனால் இன்னொரு சிக்கல் அதற்கு அடங்காது. பித்தளை நாக்கு அடித்து ஒலிக்கும் ரீட் குழல்கள், மற்ற குழல்கள் அளவுக்கு வெப்பத்தோடு ஏறுவதில்லை. ஆர்கன் தனக்குள்ளேயே சுருதி பிரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்கினால் சண்டையும் அப்படியே இறங்கி நிற்கும். மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் ஒரு பக்கக் குழல்கள்மேல் மட்டும் விழுவதும் உண்டு.

ஆகவே மாடத்தில் ஒரு வெப்பமானி தொங்கட்டும். டேக் எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள். ரீட் அதிகம் வரும் பாடல்களை, ஆர்கனைச் சுருதி சேர்த்தபோது இருந்த வெப்பநிலைக்கு நெருக்கமான நேரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய பகுதிகளில் ஒலி அலையலையாக மினுங்கினால், அது சுருதிப் பிழை இல்லை. 'வுவா செலெஸ்த்' என்ற ஸ்டாப் வேண்டுமென்றே மற்றதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சேர்க்கப்பட்டது. தம்புராவில் இரண்டு தந்திகள் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது வருமே, அந்த அசைவு.

வெட்டி ஒட்டிய இடம் தெரிகிறது

பிழை வந்த பாரிலிருந்து மறுபடி வாசிக்க வைத்திருப்பீர்கள். அந்த பாருக்கு முந்தைய ஸ்வரங்களின் கார்வை புதிய டேக்கில் இல்லை. ஆலயம் காலியாக இருந்தது. ஒட்டிய இடத்தில் அறை ஒரு கணம் சுருங்கி விரியும். நாலு பார் முன்னாலிருந்து, அதே வேகத்தில், அதே ஸ்டாப்களோடு தொடங்கச் சொல்லுங்கள், கட்டடம் நிரம்பட்டும். முடிவிலும் கார்வை முழுக்க அடங்கி, அதன்மேல் மூன்று விநாடி ஆனபிறகுதான் யாராவது மூச்சுவிட வேண்டும். "நல்லா வந்துச்சா?" என்று மாடத்திலிருந்து வந்த குரலால் நான் இழந்த முடிவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

சுருதி தொய்ந்து ஒலி சாகிறது

பார்ட்டின் 'அன்னும் பெர் அன்னும்' ஆகவிருந்தால் கை வைக்காதீர்கள். ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தின் 900ஆம் ஆண்டுக்காக 1980ல் எழுதியது. தொடக்கத்தில் ஸ-ப சேர்க்கை ஒன்று பெரிதாக ஒலிக்க, ஆர்கனிஸ்ட் காற்று மோட்டாரை அணைக்க வேண்டும். துருத்தியில் மிச்சமுள்ள காற்று தீரத் தீர, சுருதி வழிந்து, குழல்கள் ஒவ்வொன்றாக மயங்கிவிழும். மின்சாரம் போய்விட்டது என்று பதிவை நிறுத்தியவர்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இங்கே ப்ளோவரின் 'உஸ்ஸ்'ஸும் சேர்ந்து அடங்கும். மோட்டார் மறுபடி எழும்போது அதுவும் எழும். அந்த இடத்தை ஒரே டேக்காக எடுங்கள்.

வேறு பாடல் என்றால், பல ஸ்டாப் திறந்து பத்து விரலும் அழுத்தும்போது துருத்தியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு கட்டை வரிசையை இன்னொன்றோடு இணைக்கும் கப்ளர் ஒன்றை மூடி, ஸ்டாப் இரண்டைக் குறைத்துப் பாருங்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஆர்கனிஸ்ட், நீங்கள் இல்லை.

பாடகர் குழு பின்னால் வருகிறது

குழு பீடத்தருகே, ஆர்கன் வாசல் மாடத்தில், நடுவே 40 மீட்டர். ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய 117 மில்லிவிநாடி எடுக்கும். ஆர்கனைக் காதால் கேட்டுப் பாடினால் குழு அவ்வளவு தாமதம். அந்தக் குழுவைக் கேட்டு ஆர்கனிஸ்ட் வாசித்தால் இரட்டிப்பு. ஒரு சின்னக் கேமராவும் திரையும் வைத்து, ஆர்கனிஸ்டைக் கையசைவை மட்டும் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள், காதை நம்ப வேண்டாம். வயர் இல்லாத கேமராக்களே ஒரு தாமதம் வைத்திருக்கும், கேபிள்தான் நல்லது. குழுவுக்கு வைத்த மைக்கை எடிட்டிங்கில் அந்த 117க்கு ஏற்ப நகர்த்தலாம், ஆனால் அதிலும் ஆர்கன் விழுந்திருக்கும் என்பதால் முழுசாகச் சரியாகாது. முடிந்தால் குழுவையே மாடத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

சில்லறைப் புகார்கள்

ஸ்டாப் இழுக்கும் 'டக்', பெடலில் ஷூ உரசுவது: கொஞ்சம் இருக்கட்டும், அது மனிதர் வாசிப்பது. தாள் புரட்டும் சத்தத்துக்கு மன்னிப்பில்லை. இரண்டிரண்டு பக்கமாகப் படியெடுத்து அட்டையில் ஒட்டிவையுங்கள்.

ஒரு ஸ்வரம் நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கிறதா? வால்வு மாட்டிக்கொண்டது. அந்தக் கட்டையை நாலைந்து முறை வேகமாகத் தட்டிப் பாருங்கள். போகாவிட்டால் அது எந்த ஸ்டாப்பில் கத்துகிறது என்று ஒவ்வொன்றாக மூடிக் கண்டுபிடித்து, அந்த ஸ்டாப் இல்லாத பாடல்களை முதலில் எடுத்துக்கொண்டு, ஆர்கன் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். உள்ளே ஏறிக் கைவைக்க வேண்டாம். குழல்கள் ஈயக்கலவை, விரல் பட்டால் நசுங்கும்.

இணையத்தில் ஏற்றியதும் உரிமைக் கோரிக்கை வருகிறதா? நீங்களே வாசித்து நீங்களே பதிந்தது என்பது பதிலாகாது. மெசியான் இறந்தது 1992. ஐரோப்பாவில் அவர் இசைக்கு 2062 முடியும்வரை உரிமை உண்டு. பார்ட்டின் இசைக்கும் உரிமை உண்டு. உங்கள் ஊர் இசை உரிமைச் சங்கத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தைப் பதிவுக் கோப்புகளோடு அதே அடைவில் போட்டு வையுங்கள்.